மேலுமலை ஏற்றமும் 0.65 மில்லிமீட்டரும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றம் வரும். தினமும் அந்த வழியில் போய்வருகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கிரானைட் கல் ஏற்றிய லாரி இடது ஓரமாக நடக்கிற வேகத்தில் ஏறும். அதை முந்த இன்னொரு லாரி வலது பக்கம் வரும். இரண்டுக்கும் பின்னால் நாம் நான்காவது கியரில் காத்திருந்து, வழி கிடைத்த நொடியில் ஆக்சிலேட்டரை அழுத்துவோம். டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு இதைவிடக் கடினமான நேரம் எங்கள் மாவட்டத்தில் வேறு எங்கும் இல்லை.

மாங்காய் சீசன் முடிகிற சமயம். வண்டியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், டிக்கியில் ஓசூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நாலு பெட்டி மாம்பழம். வழி கிடைத்தது, அழுத்தினேன். பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி வெடுக்கென்று இழுத்த மாதிரி வண்டி வெட்டியது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. காலை எடுத்ததும் வெட்டல் நின்றது. ஓரமாக நிறுத்தினேன். "வண்டிக்கு என்னப்பா ஆச்சு?" என்றார் அம்மா. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் ப்ளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கிற மில்லிமீட்டர்கூட வராத இடைவெளியில்தான் அந்தப் பதில் இருந்தது.

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டு எரிந்தால் அது வேறு விஷயம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது, அது வெந்து போகும் என்பதற்கான எச்சரிக்கை. உடனே காலை எடுக்க வேண்டும். இது ஒன்றையாவது எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் வண்டி ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ. கம்பெனியிலிருந்து வரும்போது 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. அந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு பெங்களூரில் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்திருந்தேன், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பலத்தைக் கூட்டியிருந்தேன். செய்து கொடுத்தவர்கள் சொன்ன கணக்கில் 25 குதிரைத்திறன் கூடியிருந்தது, இழுவை அதைவிட அதிகமாகவே. ப்ளக் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அவர்கள் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. 38,000 ஓடியிருந்தது.

ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பி0302 என்ற பிழைக் குறியீடு வந்தது. இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அங்கே சில தடவை பெட்ரோல் பற்றாமல் போகிறது என்று அர்த்தம். ஓசூரில் ஒரு கடையில், ப்ளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தருகிற மூன்று காயிலையும் மாற்றிவிடலாம் என்றார்கள். காயில் மலிவான பொருள் இல்லை. ராயக்கோட்டை சாலையில் நான் வழக்கமாக வண்டி விடுகிற மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். "எதையும் வாங்காத தம்பி. ரெண்டாவது காயிலைத் தூக்கி மூணாவதுல போடு, மூணாவதை ரெண்டாவதுல போடு. அப்புறம் அதே ஏத்தத்துல ஏறிப் பாரு" என்றார். மாற்றிப் போட்டு ஏறினேன். குறியீடு மறுபடியும் பி0302தான். காயில் இடம் மாறியும் மிஸ்ஸிங் இரண்டாவதிலேயே நின்றது, ஆக இந்த வெட்டலுக்குக் காயில் காரணம் இல்லை. சல்லிக்காசு செலவில்லாமல் தெரிந்துகொண்டது இது.

அப்புறம்தான் ப்ளக்கைக் கழற்றினோம். அண்ணன் கம்பி கேஜ் வைத்து முனைகளின் இடைவெளியை, கேப் என்று சொல்வதை, அளந்தார். முதலாவது 0.82 மில்லிமீட்டர், இரண்டாவது 0.97, மூன்றாவது 0.85. புதிதாக வரும்போது 0.8 இருந்திருக்க வேண்டும். இரண்டாவது ப்ளக்கை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நடு எலக்ட்ரோடின் விளிம்பு தேய்ந்து உருண்டை ஆகியிருந்தது. மேலே வளைந்து வருகிற கொக்கியின் உட்பக்கத்தில், நடு முனைக்கு நேர் எதிரே, ஒரு சின்னக் குழி. பீங்கானில் அறுகோண இரும்புக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். காற்று கசிகிறதோ என்று நான் பயந்தது அந்த வளையத்தைப் பார்த்துத்தான். அது கரோனா கறை. உயர் மின்னழுத்தம் சுற்றியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை இழுத்து ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான், கெடுதல் இல்லை. அண்ணன் காட்டியது வேறு ஒன்று. பீங்கானின் வெள்ளையில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. "பொறி இடைவெளியில தாண்ட முடியாம வெளிப்பக்கமா இறங்கியிருக்குது பாரு." காயிலின் ரப்பர் உறையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே அதே இடத்தில் அதே கோடு. அந்த உறையையும் மாற்றவேண்டி வந்தது. கோடு விழுந்த உறைக்குள் புது ப்ளக்கை வைத்தால் மின்சாரம் பழகிய பாதையிலேயே மறுபடி இறங்கும்.

ஏன் மேலுமலையில் மட்டும்? ஊருக்குள் ஓட்டும்போதோ, சமவெளியில் 80இல் போகும்போதோ ஒரு குறையும் இல்லையே? இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்த பிறகுதான் ப்ளக் விஷயம் எனக்கு மொத்தமாகத் தெளிவானது.

ப்ளக்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இருப்பது காற்றும் பெட்ரோல் ஆவியும். சாதாரணமாக அதில் மின்சாரம் பாயாது. காயில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் அந்தத் தடை உடைந்து பொறி தாண்டுகிறது. எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இடைவெளியின் நீளம், நடுவில் இருக்கிற வாயுவின் அழுத்தம். ஃப்ரெட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1889இல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். இரண்டையும் பெருக்கி வருகிற எண்ணைப் பொறுத்துத்தான் வேண்டிய மின்னழுத்தம் அமையும். ப்ளக் வேலை செய்கிற அழுத்தத்தில் கேப் கூடினாலும் மின்னழுத்தம் கூட வேண்டும், அழுத்தம் கூடினாலும் கூட வேண்டும்.

ஐட்லிங்கில் நிற்கும்போது எஞ்சினுக்குள் காற்று போகிற குழாயில், இன்டேக் மேனிஃபோல்டில், அழுத்தம் 0.3, 0.4 பார்தான் இருக்கும். என் வண்டியின் பதிவில், ரீமேப்புக்குப் பிறகு முழு பூஸ்டில், அதாவது டர்போ காற்றை முழு பலத்தில் திணிக்கும்போது, அது 2.3 பார் வரை போகிறது. பிஸ்டன் அதை நசுக்கிய பிறகுதான் பொறி வர வேண்டும். ஐட்லிங்கில் 0.97 கேப்பைச் சுலபமாகத் தாண்டுகிற அதே காயில், இங்கே திணறுகிறது. இன்னொன்றும் உண்டு. சிலிண்டருக்குள் காற்று அதிகமாக நிரம்புவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இல்லை, டார்க் உச்சத்தில் இருக்கும்போது. என் வண்டியில் அது 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 3,500க்குள். நான்காவது கியரில், 2,200இல், ஐந்து பேரையும் மாம்பழப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது சரியாக அந்த இடம். ரீமேப்பில் கூடிய இழுவையும் அங்கேதான் கூடியது. தேய்ந்த ப்ளக்கும் கூடிய பூஸ்டும் அந்த ஏற்றத்தில் சந்தித்துக்கொண்டன.

சரி, அப்படியானால் கேப்பை நன்றாகக் குறைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கேப் சின்னதானால் பொறியும் சின்னது. அது தொடுகிற பெட்ரோல் கலவை கொஞ்சம். அதில் பிறக்கிற தீப்பிஞ்சின் சூட்டைப் பக்கத்தில் இருக்கிற இரண்டு உலோக முனைகளும் உறிஞ்சிக்கொள்ளும். ஐட்லிங் நடுங்கும், காலை ஸ்டார்ட்டிங் சோம்பலாகும். அதனால் டியூன் செய்த டர்போ வண்டிக்கு நான் பின்பற்றுகிற ஒரே விதி இதுதான்: முழு பூஸ்டில் பொறி அணையாமல் தாங்குகிற அளவில் எது மிகப் பெரிய கேப்போ, அதுதான் உங்கள் கேப். அந்த எண் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. காயிலின் பலம், பூஸ்ட், ப்ளக்கின் முனை எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அடுத்தவர் வண்டியின் எண்ணை வாங்கித் தொடங்கலாம், அங்கேயே முடிக்கக் கூடாது.

என் எண்ணைக் கண்டுபிடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நடு முனையில் இரிடியம் என்ற உலோகம் வைத்த புது ப்ளக் மூன்று வாங்கினேன். பெட்டியில் 0.8 என்று போட்டிருந்தது, அளந்தால் 0.80, 0.77, 0.80. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதல் வாரம் மூன்றையும் 0.75க்குக் கொண்டுவந்தேன். காலை ஆறு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, மூன்றாவது கியரில் ஏற்றத்தில் 1,800இலிருந்து 3,500 வரை முழு ஆக்சிலேட்டர். மூன்றாவது கியரில் இதற்கு வேகம் தேவையே இல்லை, பாரம்தான் தேவை. வேக வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும். எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ஆப் போனில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டே வரும். 0.75இல் இரண்டாவது சிலிண்டரில் ஆறு, மூன்றாவதில் இரண்டு. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் எண் பொய் சொல்லாது. அடுத்த வாரம் 0.70: இரண்டாவதில் ஒன்று மட்டும். மூன்றாவது வாரம் 0.65: எல்லாம் பூஜ்யம், மூன்று தடவை ஏறியும் பூஜ்யம். நான்காவது வாரம் 0.60: ஏற்றத்தில் பூஜ்யம்தான், ஆனால் வீட்டு வாசலில் ஐட்லிங்கில் ஸ்டீயரிங் லேசாக அதிர்ந்தது. மறுபடி 0.65க்குத் திறந்தேன். அதிலிருந்து அதுதான்.

கேப் வைக்கிற வேலையை வீட்டில்தான் செய்கிறேன். சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு விரித்து, மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு. நாணயம் மாதிரி வட்டமாக, விளிம்பு சரிவாக இருக்கிற கேஜ் ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இரிடியத்துக்கு அது ஆகாது. இரிடிய முனையின் தடிமன் 0.6 மில்லிமீட்டர், சில வகையில் 0.4தான். இரிடியம் 2,446 டிகிரி செல்சியஸில்தான் உருகும், நிக்கலோ 1,455இலேயே உருகிவிடும்; அவ்வளவு சூடு தாங்குகிற உலோகம், ஆனால் நெம்பினால் பட்டென்று உடையும். அந்த வட்டக் கேஜை உள்ளே திணிக்கும்போது நடு முனை மேல் பாரம் விழுகிறது. அதனால் கம்பி கேஜ். கொக்கியை மட்டும், அதற்கென்று இருக்கிற பிளவு போட்ட தகட்டால் பிடித்து, மூச்சு விடுகிற அளவுக்கு வளைக்க வேண்டும். மூட வேண்டுமானால் கொக்கியின் பக்கத்தை மரப்பலகையில் மெதுவாகத் தட்டலாம். 0.65 கம்பி லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், 0.70 கம்பி நுழையவே கூடாது. கடைசியில் பக்கவாட்டில் வைத்து, கொக்கியும் நடு முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். கோணலாக இருந்தால் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும். வந்த அளவிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது ப்ளக் தயாரிக்கிற என்ஜிகே கம்பெனி சொல்கிற வரம்பு. 1.1 கேப்பில் வருகிற ப்ளக்கை வாங்கி 0.65க்கு நசுக்கினால் கொக்கி சாய்ந்துபோகும். வாங்கும்போதே பக்கத்து அளவில் வாங்க வேண்டும். என்ஜிகே எண்ணின் கடைசியில் கோடு போட்டு 11 என்று இருந்தால் 1.1 மில்லிமீட்டர், 9 என்றால் 0.9.

இனி ஹீட் ரேஞ்ச், அதாவது ப்ளக் சூட்டைக் கடத்துகிற தரம். கேப்பைவிட இதில்தான் குழப்பம் அதிகம். கோல்டு ப்ளக் என்றால் குளிர்ந்த பொறி என்று நினைக்கிறவர்கள் உண்டு. பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ப்ளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் எஞ்சின் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே இருக்கிற பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு இரும்புக்கு வந்து சேர நீண்ட தூரம், முனை சூடாகவே இருக்கும்: ஹாட் ப்ளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும்: கோல்டு ப்ளக். முனை 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் முனையே நெருப்புக் கங்கு மாதிரி ஆகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டன் ஓட்டையாகிற கதைகள் அப்படித்தான் நடக்கின்றன. ப்ளக் இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ வேண்டும்.

75இலிருந்து 100 குதிரைத்திறன் கூட்டினால் ஒரு படி கோல்டு போடு என்று ஒரு பொது வழக்கு இருக்கிறது. எத்தனை சிலிண்டருக்கு என்று யாரும் கேட்பதில்லை. எட்டு சிலிண்டர் எஞ்சினில் 80 கூட்டினால் சிலிண்டருக்குப் பத்து. என் மூன்று சிலிண்டரில் 25 கூட்டினால் சிலிண்டருக்கு எட்டுக்கு மேல். இப்படிப் பார்த்தால் என் வண்டியும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதனால் ஒரு படி கோல்டு போட்டேன், தினமும் ஓசூர் போய்வர நூறு கிலோமீட்டர் ஓடியது, ப்ளக் அருமையாக இருந்தது. பிறகு வேலை மாறி கிருஷ்ணகிரியிலேயே இருக்க நேர்ந்தது. வண்டி பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் காய்கறி வாங்கி வருவதும்தான், இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டார்ட். மார்கழியில் ஒரு நாள் ஸ்டார்ட் ஆக மறுத்தது. கழற்றினால் மூன்று ப்ளக்கும் அடுப்புக்கரி பூசிய மாதிரி காய்ந்த கறுப்பு. முனை சூடாவதற்குள் எஞ்சின் அணைந்துவிடுகிறது, கரி எப்போது எரியும்? கம்பெனி ஹீட் ரேஞ்சுக்கே திரும்பினேன், கேப் மட்டும் 0.65. ஹீட் ரேஞ்ச் எஞ்சினைப் பொறுத்தது மட்டும் இல்லை, அந்த எஞ்சினை நாம் எப்படி ஓட்டுகிறோம் என்பதையும் பொறுத்தது. இரண்டு படி, மூன்று படி கோல்டு போடச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்றுதான்.

எண்ணைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. என்ஜிகே, டென்சோ கம்பெனி ப்ளக்குகளில் எண் பெரிதானால் கோல்டு. பாஷ் கம்பெனியில் நேர் எதிர், எண் பெரிதானால் ஹாட். எனக்குத் தெரிந்த ஒருவர் கோல்டு வேண்டும் என்று பாஷில் பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கிவந்து, டியூன் செய்த டர்போவில் மாட்டப் போனார். அண்ணன் கண்ணில் பட்டதால் எஞ்சின் பிழைத்தது. என்ஜிகேயின் 6 டென்சோவில் 20, 7 என்றால் 22, 8 என்றால் 24.

உலோகத்தைப் பற்றி நீண்ட சண்டைகள் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. காப்பர் ப்ளக் என்று சொல்வதில் செம்பு இருப்பது உள்ளே, முனை நிக்கல்தான். நன்றாகவே வேலை செய்யும், சீக்கிரம் தேயும். இரிடியத்தின் மெல்லிய முனையில் பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே தாண்டும், பூஸ்ட் கூடிய வண்டிக்கு அது நேரடி லாபம். நான் இரிடியம் போடுகிறேன். போலிகள் நிறைய வருகின்றன என்பதால் எங்கே வாங்குகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். எழுத்து மங்கலாக இருந்தாலும், வாஷர் கழன்று கையோடு வந்தாலும், நடு முனை கொஞ்சம் கோணலாகப் பற்றவைத்திருந்தாலும் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. ப்ளக் குழிக்குள் செம்மண் தூசியும் கல் குவாரித் தூளும் சேர்ந்து கிடக்கும். பழைய ப்ளக்கைக் கழற்றுவதற்கு முன் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும். புது ப்ளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகிக் கையாலேயே திருகுவேன். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், மரை அறுபடாது. வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் மரை, அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20. உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்குகிறேன். முனையின் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, ப்ளக் தளர்ந்திருந்தால் எந்தக் கோல்டு ப்ளக்கும் ஹாட் ப்ளக்தான். மரையில் கிரீஸ் தடவுவதில்லை. தடவினால் வழுக்கிக்கொண்டு போய் அளவுக்கு மேல் இறுகும். கீழே விழுந்த ப்ளக்கை அண்ணன் மாட்டவே மாட்டார். சிமெண்டுத் தரையில் விழுந்த ஒரு ப்ளக்கை, விலையைப் பார்த்து நான் தயங்கியபோது, என் கையிலிருந்து வாங்கிப் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிட்டார். பீங்கானின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பூஸ்டில்தான் தெரியும்.

இப்போது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழற்றி அளக்கிறேன். கம்பெனி சொல்கிற இடைவெளி இதைவிட மிக அதிகம், ஆனால் அது கம்பெனி பூஸ்டுக்கு. ஒரு சின்ன நோட்டில் தேதி, கிலோமீட்டர், மூன்று எண்கள். போன வாரம் பெரியவன் டார்ச் பிடிக்க, சின்னவள் எண்களை எழுத, 0.68, 0.71, 0.68. இரண்டாவது மறுபடியும் மற்ற இரண்டைவிடச் சீக்கிரம் தேய்கிறது. அதன் பீங்கான் மூக்கும் மற்றவற்றின் இளம்பழுப்பு இல்லாமல் கொஞ்சம் வெளுத்திருந்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு. அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் கொஞ்சம் குறைவாகப் போகிறதோ என்று சந்தேகம். மூன்றையும் 0.65க்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.